ரஷ்ய நாட்டுப்புறக் கதையிலிருந்து ஒரு வாசனைத் திரவியம்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

கோழிக்கால் மேல் நிற்கும் குடிசைக்குள் யார் நுழைந்தாலும் பாபா யாகா முதலில் செய்வது மோப்பம் பிடிப்பதுதான். "ப்பூ, ப்பூ, ரஷ்ய வாடை அடிக்கிறதே!" என்று கத்துவாள். அதற்கப்புறம்தான் விசாரணை, மிரட்டல், சாப்பாடு எல்லாம். நாட்டார் வழக்காற்றியல் அறிஞர் விளாதிமிர் புரோப் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். பாபா யாகா இறந்தவர்களின் உலகத்து எல்லையில் காவல் இருப்பவள், உயிரோடு இருக்கும் மனிதனின் வாடைதான் அவளுக்கு ஆகாது என்றார். இரண்டு உலகங்களுக்கு நடுவே எல்லைக்கோடு போடும் வேலையை அந்தக் கதையில் மணம் செய்கிறது.

மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் அச்சிட்ட தமிழ்ப் புத்தகங்களில், நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் கடைகளில் வாங்கி, இந்தக் கதைகளைப் படித்து வளர்ந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். அவற்றிலிருந்து ஒரு வாசனைத் திரவியம் செய்ய முடியுமா என்று கேட்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். முடியும். ரஷ்யாவில் சிறிய அளவில் திரவியம் செய்யும் கலைஞர்கள் சிலர் இந்த வழியில்தான் போகிறார்கள். அவர்களுடைய முறையை, வீட்டு மேசையில் முதல்முறை கலக்கப் போகிறவருக்குப் பொருந்தும்படி படிப்படியாகச் சொல்கிறேன். கடைசிப் படியில் உங்கள் கையில் 10 கிராம் அடர்கலவை இருக்கும். அதைக் கரைத்தால் 100 கிராம் திரவியம்.

முதல் படி: கதையில் செடிக்கு என்ன வேலை?

புதியவர்கள் பெரும்பாலும் பெயரிலிருந்து தொடங்குகிறார்கள். "பாபா யாகா" என்று முடிவு செய்து, புகை, பச்சோலி, கொஞ்சம் மண் வாசனை என்று சேர்த்துவிடுவார்கள். அந்தக் கலவை எந்த நாட்டுச் சூனியக்காரிக்கும் பொருந்தும். ரஷ்யா அதில் எங்கேயும் இருக்காது. என் ஆலோசனை: பெயரைக் கடைசியில் வையுங்கள். கதையிலோ கிராம நம்பிக்கையிலோ ஒரு குறிப்பிட்ட செடி ஒரு குறிப்பிட்ட காரியம் செய்யும் இடத்தைத் தேடிப் பிடியுங்கள்.

இங்கே ஒன்று தெரிந்திருக்க வேண்டும். அலெக்சாந்தர் அஃபனாசியெவ் 1855 முதல் 1863 வரை வெளியிட்ட பெரிய தொகுப்பில் ஏறத்தாழ 600 கதைகள் உண்டு. ஆனால் இளவரசன் இவானும் சாவே இல்லாத கஷ்சேயும் வரும் மாயக்கதைகளில் செடிகள் குறைவு. செடிகள் நிறைந்திருப்பது வீட்டுத் தெய்வங்கள், நீர் ஆவிகள், திருவிழா இரவுகள் பற்றிக் கிராமத்தார் சொன்ன நம்பிக்கைக் கதைகளில். தேடலை அங்கே தொடங்குங்கள்.

ருசால்காவை எடுத்துக்கொள்வோம். நீரில் மூழ்கி இறந்த இளம்பெண்கள் ருசால்காக்களாக அலைவார்கள் என்பது நம்பிக்கை. திரித்துவத் திருநாளை ஒட்டிய வாரத்தில் அவர்கள் ஆற்றை விட்டு வயலுக்கும் காட்டுக்கும் வருவார்களாம். அப்போது வெளியே போகிறவர்கள் கையில் பலீன் வைத்திருப்பார்கள். பலீன் என்பது கடும் கசப்பும் வெள்ளி நிற இலையும் கொண்ட ஆர்ட்டெமிசியா வகைச் செடி. எதிரே வரும் ருசால்கா, "கையில் என்ன, பலீனா, பெத்ரூஷ்காவா?" என்று கேட்பாள். பெத்ரூஷ்கா என்பது சமையலில் போடும் பார்ஸ்லி. "பெத்ரூஷ்கா" என்று சொன்னவனை "என் கண்ணே!" என்று கட்டிப்பிடித்துக் கிச்சுகிச்சு மூட்டியே கொன்றுவிடுவாள். "பலீன்" என்றால் "வேலிக்குக் கீழே ஒளிந்துகொள்!" என்று கத்திவிட்டு ஓடிவிடுவாள். ஒரு திரவியத்துக்கு வேண்டிய மோதல் முழுவதும் இந்த உரையாடலிலேயே இருக்கிறது: ஒரு பக்கம் ஈரமான, பசுமையான, இழுக்கும் மணம், மறுபக்கம் விரட்டும் கசப்பு.

குளியல் குடிசையான பான்யாவில் பான்னிக் என்ற ஆவி குடியிருக்கிறது. வீட்டார் குளித்து முடித்ததும் கடைசி நீராவியை அவனுக்கு விட்டுவிட்டு, சோப்பும் தண்ணீரும், பிர்ச் என்னும் வெண்பட்டை மரத்தின் இலைக் கொத்தும் வைத்துவிட்டு வெளியேற வேண்டும். அந்த மணம் சூடான பிர்ச் இலை, ஈர மரம், கொதிக்கும் கல்மேல் தெளித்த கம்புரொட்டிப் பானமான குவாஸ், இவற்றால் ஆனது.

இந்தக் கட்டுரைக்கு நான் தேர்ந்தெடுப்பது இவான் குபாலா இரவு. பழைய நாட்காட்டியில் ஜூன் 24, இப்போதைய கணக்கில் ஜூலை 7க்கு முந்தைய இரவு. இளைஞர்கள் தீ தாண்டுவார்கள், பெண்கள் பூவளையங்களை ஆற்றில் மிதக்க விடுவார்கள். மூலிகைகளுக்கு ஆண்டிலேயே அதிக வலிமை அந்த இரவில்தான். நள்ளிரவில் காட்டில் பெரணி பூக்கும் என்றும், அந்தப் பூவைப் பறித்தவனுக்குப் புதையல் இருக்கும் இடம் தெரியும், விலங்குகளின் பேச்சு புரியும் என்றும் சொல்வார்கள். பறிக்கப் போகிறவன் தன்னைச் சுற்றி வட்டம் கீறிக்கொண்டு உட்கார வேண்டும். பேய்கள் பின்னாலிருந்து என்ன சத்தம் போட்டாலும் திரும்பிப் பார்க்கக் கூடாது. ரஷ்யாவுக்கு மட்டும் உரிய கதை இல்லை இது. உக்ரைன், பெலாரஸ், போலந்து மக்களும் இதைச் சொல்கிறார்கள். உங்கள் திரவியத்தைப் பற்றி யாருக்காவது விளக்கும்போது இதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

பெரணி பூக்காது. வித்துத்தூள் வழியாகப் பெருகும் தாவரம் அது. பெரும்பாலான பெரணிகளுக்குச் சொல்லிக்கொள்ளும்படி மணமும் கிடையாது. ஆனால் வாசனைத் திரவிய உலகில் ஒரு பெரிய குடும்பத்துக்கே பெரணியின் பெயர்தான்: ஃபூஷேர். 1882இல் பாரிஸின் ஊபிகான் நிறுவனத்துக்காகப் பால் பார்க்கே செய்த ஃபூஷேர் ரொயால் அதைத் தொடங்கி வைத்தது. லாவெண்டர், ஓக் மரத்தில் வளரும் ஓக்பாசி, காய்ந்த புல் மணம் தரும் கூமரின் ஆகியவற்றைச் சேர்த்து, பெரணிக்கு மணம் இருந்தால் எப்படி இருக்கும் என்று அவர் கற்பனை செய்தார். அதே காரியத்தை ரஷ்ய கிராமங்கள் கதையால் செய்திருந்தன. இல்லாத பூவை இரண்டு மரபுகளும் தனித்தனியாகப் படைத்திருக்கின்றன. தொடக்கக்காரருக்கு இதைவிட நல்ல களம் எனக்குத் தெரியவில்லை.

இரண்டாம் படி: மூக்கைப் பழக்குவது

ரஷ்யாவில் இருப்பவர்களுக்கு இது எளிது. மருந்துக் கடைகளிலேயே பலீன், கெமோமில், யாரோ (yarrow) என்னும் மூலிகை, செயிண்ட் ஜான் பூண்டு எல்லாம் உலர்த்தி அட்டைப் பெட்டியில் விற்பார்கள். பிஹ்தா என்னும் சைபீரிய ஃபிர் மர எண்ணெயும் அங்கே உண்டு. பிர்ச் தார் மணத்துக்குத் தார் சோப்பு ஒன்று போதும். மே மாதத்தில் செரியோமுஹா என்னும் செர்ரி வகை மரம் பூக்கும்போது போய் நில்லுங்கள். அது பூக்கும் நாட்களில் குளிர் திரும்ப வரும் என்பது ரஷ்யர்களின் அனுபவம். திரித்துவத் திருநாளன்று தேவாலயங்களிலும் வீடுகளிலும் பிர்ச் கிளைகளைச் செருகி, தரையில் புல்லைப் பரப்புவார்கள். அந்தப் புல் வாட வாட ஓர் இனிய மணம் எழும். பச்சைச் செடிக்குள் சர்க்கரையோடு பிணைந்து கிடந்த ஒன்று, காயும்போது பிணைப்பு விட்டுக் கூமரினாக வெளிவருகிறது. தோன்னிக் என்னும் மஞ்சள் இனிப்புக் குளோவரிலும் சுப்ரோவ்கா புல்லிலும் இது மிகுதி. வைக்கோல், பாதாம், வெனிலா மூன்றுக்கும் நடுவே நிற்கும் மணம் இது. குபாலா இரவுக்கு இதுதான் தரை.

தோன்னிக்கை நீங்களே பறித்து உலர்த்தினால் ஒன்றைக் கவனியுங்கள். பூஞ்சை பிடித்த தோன்னிக்கில் கூமரின், இரத்தம் உறைவதைத் தடுக்கும் டைகூமரோலாக மாறும். கால்நடைகள் அப்படிப்பட்ட தீவனத்தைத் தின்று இரத்தப்போக்கில் இறந்ததை ஆராயும்போதுதான் அந்தப் பொருளையே கண்டுபிடித்தார்கள். காற்றோட்டத்தில் சீக்கிரம் உலர்த்துங்கள். பூஞ்சை தெரிந்தால் தூக்கி எறியுங்கள்.

ரஷ்யாவுக்கு வெளியே இருப்பவர்கள் உறவுச் செடிகள் வழியாகப் பழகலாம். நம் மரிக்கொழுந்து, பலீனைப் போலவே ஆர்ட்டெமிசியா வகை. மரிக்கொழுந்தில் பழ இனிப்பு மேலோங்கி நிற்கும், பலீனில் கசப்பு. ஆனால் இலையைக் கசக்கி மோந்தால் இரண்டுக்கும் பொதுவான அந்தக் கூர்மை தெரியும். ரஷ்யச் சதுப்பு ஓரங்களில் வளரும் அயீர் நம் வசம்பேதான். தாத்தாரியர்கள் குடிக்கும் நீரைச் சுத்தப்படுத்த அதன் வேர்த்தண்டை நீரில் போட்டுப் பரப்பினார்கள் என்ற கதையால் அதற்குத் தாத்தார் மூலிகை என்ற பெயரும் உண்டு. பிர்ச், இமயமலையின் பூர்ஜ மரத்துக்கு உறவு.

எதை மோந்தாலும் ஒரு நோட்டில் எழுதுங்கள். உடனே, அரைமணி கழித்து, மூன்று மணி கழித்து, மறுநாள் என்று நான்கு முறை. "நன்றாக இருக்கிறது" என்று எழுதுவதால் பயனில்லை. கசப்பு எப்போது அடங்கியது, அப்புறம் எது மேலே வந்தது, தொண்டையில் உணர்ந்தீர்களா, நெற்றியில் உணர்ந்தீர்களா என்று எழுதுங்கள். சூத்திரம் எழுதும்போது இந்த நோட்டுதான் கைகொடுக்கும்.

மூன்றாம் படி: எது கிடைக்கும், எது கிடைக்காது, எதைத் தொடக்கூடாது

சைபீரிய ஃபிர், கொத்தமல்லி விதை, ஜூனிபர், கிளேரி சேஜ், பிளாக்கரண்ட் மொட்டு ஆகியவற்றின் எசென்ஷியல் ஆயிலோ சாரமோ கடையில் கிடைக்கும். கொத்தமல்லியைப் பார்த்து ஆச்சரியப்படாதீர்கள். பெல்கோரத், வொரோனிஷ் வட்டாரக் கருமண்ணில் எண்ணெய்க்காகவே வளர்த்த பயிர் அது. அங்கே விளையும் சிறுமணிக் கொத்தமல்லியில், நம் சமையல் மல்லியைவிட எண்ணெய் அதிகம். அதில் பாதிக்கு மேல் லினலூல் என்ற மென்மையான, பூவும் மரமும் கலந்த மணப்பொருள். சைபீரிய ஃபிர் எண்ணெயில் போர்னைல் அசிடேட் மிகுதி. ஊசியிலைக் காட்டின் குளிர்ச்சி அதனால்தான். இந்த எண்ணெய் காற்றுப் பட்டால் கெட்டு, தோலை உறுத்தும். சிறிய பாட்டிலாக வாங்கிக் குளிர்பெட்டியில் வையுங்கள். இஃப்ரா என்னும் சர்வதேச நறுமணச் சங்கத்தின் விதிப்படி ஊசியிலை மர எண்ணெய்களின் பெராக்சைடு அளவு லிட்டருக்கு 10 மில்லிமோலுக்குக் கீழே இருக்க வேண்டும். விற்பவரிடம் சான்று கேளுங்கள். சைபீரியக் கேதுரு என்று ரஷ்யர்கள் சொல்வது உண்மையில் கொட்டை தரும் ஒரு பைன் மரம். அதற்காகக் கடையில் கிடைக்கும் வர்ஜீனியா சிடார் எண்ணெயை வாங்கினால் பென்சில் சீவின மணம்தான் வரும்.

அடுத்து, கிடைத்தாலும் ஒதுக்க வேண்டியவை. பலீன் எண்ணெயில் தூஜோன் உண்டு. நரம்பு மண்டலத்தைத் தாக்கும் பொருள். தொடக்கக்காரருக்கு அது வேண்டாம். அதன் இடத்தை மரிக்கொழுந்து எண்ணெயும் கிளேரி சேஜும் சேர்ந்து நிரப்பும். வசம்பு எண்ணெயில் இன்னும் எச்சரிக்கை தேவை. ஐரோப்பாவிலும் ரஷ்யாவிலும் வளரும் வகையைவிட, இந்தியாவில் வளரும் வகையில் பீட்டா-அசரோன் பல மடங்கு அதிகம். புற்றுநோய் ஐயம் உள்ள பொருள் அது. நம்மூர் வசம்பு எண்ணெயைத் தோலில் போடும் கலவையில் சேர்க்கவே வேண்டாம். சதுப்பில் வளரும் பகூல்னிக் தலைவலி தரும் செடி என்று ரஷ்யர்களே எச்சரிப்பார்கள். அதையும் விட்டுவிடுங்கள்.

மூன்றாவது வகை எனக்கு மிகவும் பிடித்தது: எண்ணெயே தராத செடிகள். லேண்டிஷ் என்னும் பள்ளத்தாக்கு லில்லியைப் பற்றி ஒரு கதை உண்டு. சாத்கோ என்ற பாடகன் மண்ணுலகப் பெண்ணையே நேசிக்கிறான் என்று அறிந்த கடல் இளவரசி வோல்ஹவா அழுத கண்ணீர்த்துளிகள் கரையில் இந்தப் பூவாயினவாம். அந்தப் பூவிலிருந்து விற்பனைக்கு ஆகும்படி எண்ணெய் எடுக்க முடியாது. ஹைட்ராக்சிசிட்ரோனெல்லால் போன்ற பொருட்களைக் கொண்டு கட்டித்தான் ஆக வேண்டும். பழைய சூத்திரங்களில் வரும் லிலியாலைப் பயன்படுத்தாதீர்கள். 2022 மார்ச் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அழகுசாதனங்களில் அதற்குத் தடை. செடியே நச்சு. அதன் எல்லாப் பகுதிகளிலும் இதயத்தைத் தாக்கும் கிளைகோசைடுகள் இருப்பதால், குழந்தைகள் உள்ள வீட்டில் பறித்துக் குவளையில் வைப்பதுகூட நல்லதல்ல. செரியோமுஹாவும் இப்படித்தான். கிளையை மூடிய அறையில் வைத்துத் தூங்காதே என்று ரஷ்யப் பாட்டிகள் சொல்வார்கள். அதன் மணத்தைப் பென்சால்டிஹைடு, அனிசால்டிஹைடு, ஃபினைல் எத்தில் ஆல்கஹால் மூன்றையும் வைத்துத் தொடங்கலாம். ஹீலியோட்ரோபின் சேர்த்தால் இன்னும் நெருங்கும். ஆனால் பல நாடுகளில் அதை வாங்கச் சட்டக் கட்டுப்பாடு உண்டு.

இயற்கைப் பொருள் மட்டும்தான் நாட்டுப்புறக் கதைக்குத் தகும் என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. லில்லியைக் கதையில் வைத்துவிட்டு, அதைச் செயற்கையாகக் கட்ட மாட்டேன் என்றால் அந்தக் கதையை மணமாகச் சொல்லவே முடியாது. கூமரினைக்கூட வில்லியம் பெர்க்கின் 1868இல் ஆய்வகத்தில் செய்ததால்தான் முதல் ஃபூஷேரே பிறந்தது.

பிர்ச் தார்: கொஞ்சம் நின்று பேச வேண்டியது

ரஷ்ய மணம் என்றதும் பாரிஸ் நகரத்துக் கலைஞர்களுக்கு நினைவுக்கு வந்தது தோல்தான். ரஷ்யத் தோலை வில்லோ மரப்பட்டையில் பதனிட்டு, பிர்ச் பட்டையிலிருந்து எடுத்த தார் எண்ணெயைத் தேய்ப்பார்கள். நீர் ஊறாது, பூச்சி அரிக்காது, மணமோ ஆண்டுக்கணக்கில் நிற்கும். 1786இல் சாங்க்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து ஜெனோவாவுக்குப் போன மெட்டா கத்தரினா என்ற கப்பல் இங்கிலாந்தின் பிளிமத் அருகே புயலில் மூழ்கியது. 1973இல் முக்குளிப்பவர்கள் அதைக் கண்டுபிடித்தபோது, ஏறத்தாழ 190 ஆண்டுகள் சேற்றில் கிடந்த கலைமான் தோல் சுருள்களில் பல நல்ல நிலையில் இருந்தன. பிறகு அவற்றில் பைகளும் காலணிகளும் தைத்தார்கள். மாஸ்கோவில் பிறந்து, அங்கே ராலே நிறுவனத்தில் வேலை கற்று, பின்னர் பிரான்சில் ஷனேல் எண் 5ஐச் செய்த எர்னஸ்ட் போ, ஷனேல் நிறுவனத்துக்காகவே "ரஷ்யத் தோல்" என்று பொருள்படும் திரவியத்தையும் செய்தார்.

இதையே ரஷ்யாவுக்குள் இருப்பவரின் மூக்கு வேறு மாதிரி படிக்கும். அவருக்குப் பிர்ச் தார் என்றால் தார் சோப்பு, வண்டி அச்சு, புண்ணுக்குத் தடவும் விஷ்னெவ்ஸ்கி களிம்பு. அந்தக் களிம்பில் விளக்கெண்ணெயோடு பிர்ச் தாரும் சேரும். ஆகவே அதிகமாகப் போட்டால் வெளிநாட்டாருக்குத் தோல் மணமும் ரஷ்யருக்கு மருந்துப் பெட்டி மணமும் வரும். குபாலா இரவுக்கு நமக்கு வேண்டியது தூரத்துத் தீயின் புகை மட்டும். ஆகவே 1% கரைசலில் 0.10 கிராமோடு நிற்போம்.

காய்ச்சியபடியே இருக்கும் கச்சாத் தாரை ஒருபோதும் தோலில் போடும் கலவையில் சேர்க்காதீர்கள். காற்றில்லாமல் பட்டையைச் சுடும்போது புற்றுநோய் தரும் பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் உருவாகின்றன. சுத்திகரித்த தாருக்கு மட்டுமே இஃப்ராவின் அனுமதி. அதிலும் பென்சோபைரின், பென்சாந்திரசின் இரண்டும் சேர்ந்து முடிந்த பொருளில் நூறு கோடியில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. சான்று தராதவரிடம் வாங்க வேண்டாம். "ஸ்வீட் பிர்ச்" என்று விற்கும் எண்ணெய் அமெரிக்க மரத்தினுடையது. கிட்டத்தட்ட முழுவதும் மெத்தில் சாலிசிலேட். மூட்டுவலித் தைல மணம் வரும். அது நமக்கு உதவாது.

நான்காம் படி: மேசையில் இருக்க வேண்டியவை

0.01 கிராம் காட்டும் தராசு, மூடியுள்ள சிறு கண்ணாடிப் பாட்டில்கள், ஒவ்வொரு பொருளுக்கும் தனிச் சொட்டுக்குழாய், மணம் பார்க்கும் காகிதப் பட்டைகள், கையுறை, நோட்டு. சொட்டு எண்ணிக் கலக்கும் பழக்கத்தைத் தொடங்கவே வேண்டாம். எண்ணெய்க்கு எண்ணெய் சொட்டின் எடை மாறும், செய்ததை மறுபடி செய்ய முடியாமல் போகும்.

கரைப்பான்தான் நம்மவர்களுக்கு வரும் முதல் தடை. வாசனைத் திரவியத்துக்கான எத்தனாலை பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் எளிதாக வாங்கலாம். தமிழ்நாட்டில் அது மதுவிலக்கு, ஆயத்தீர்வைத் துறையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. உரிமம் இல்லாமல் முயல வேண்டாம். கை சுத்திகரிப்பான், பெயர் தெரியாத ஸ்பிரிட் எதுவும் மாற்றாகாது. மெத்தனால் கலந்திருந்தால் ஆபத்து. அத்தர் முறையில் எண்ணெயில் செய்யுங்கள். உறையாத வகைத் தேங்காய் எண்ணெய், அதாவது எம்சிடி எண்ணெய், அல்லது ஐசோபுரொப்பைல் மிரிஸ்டேட் போதும். அப்படிச் செய்பவர்கள் கீழே வரும் கரைசல்களைப் பென்சைல் பென்சோயேட்டில் கரைத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். கடையில் பெரும்பாலும் டிபிஜி என்னும் டைபுரொப்பைலின் கிளைகாலில் கரைத்துத் தருவார்கள். அது தேங்காய் எண்ணெயோடு சேராமல் அடியில் பிரிந்து நிற்கும்.

10% கரைசல் என்றால் 1 கிராம் பொருளில் 9 கிராம் கரைப்பான். அதில் 1 கிராம் எடுத்து இன்னும் 9 கிராம் சேர்த்தால் 1% கரைசல்.

ஐந்தாம் படி: குபாலா இரவு

மொத்தம் 10.00 கிராம். அடியில் நிற்பவற்றை முதலில் எடைபோட்டு, லேசானவற்றைக் கடைசியில் சேருங்கள்.

கூமரின், 10% கரைசல்: 1.00
எவர்னில், 10% கரைசல்: 0.60
வெட்டிவேர் எண்ணெய்: 0.30
சுத்திகரித்த பிர்ச் தார், 1% கரைசல்: 0.10
ஹெடியோன்: 1.00
கிளேரி சேஜ்: 0.80
மரிக்கொழுந்து எண்ணெய், 10% கரைசல்: 0.50
லாவெண்டர்: 2.00
கொத்தமல்லி விதை எண்ணெய்: 1.20
சைபீரிய ஃபிர்: 1.00
பெர்கமோட், ஒளிநச்சு நீக்கியது: 1.50

கூமரின், காயும் புல். எவர்னில், ஓக்பாசியின் இடத்தில். பாசிச் சாரத்துக்கு ஒவ்வாமை காரணமாக இறுக்கமான வரம்பு இருப்பதால் தொடக்கக்காரர் இந்தச் செயற்கைப் பொருளோடு இருப்பது நல்லது. வெட்டிவேர் ரஷ்யச் செடி இல்லை. இரவில் காலடியில் இருக்கும் ஈர மண்ணை அதைவிட நன்றாகத் தரும் எளிய பொருள் எனக்குத் தெரியாததால் சேர்க்கிறேன். கிளேரி சேஜும் மரிக்கொழுந்தும் பலீனுக்காக. குபாலா வளையங்களில் பலீனும் உண்டு. ஹெடியோன் மல்லிகையைத் தொட்டும் தொடாமலும் காற்றோட்டம் தரும். இல்லாத பூவுக்கு அதுதான் சரியான இடம், ஏனென்றால் அது எந்தப் பூ என்று யாராலும் பெயர் சொல்ல முடியாது. ஃபிர், வட்டத்துக்கு வெளியே நிற்கும் காடு. பெர்கமோட் என்னும் எலுமிச்சை வகைப் பழத்தின் தோல் எண்ணெய், முதல் பத்து நிமிட வெளிச்சம். சாதாரண பெர்கமோட் எண்ணெய் வெயிலில் தோலைப் புண்ணாக்கும் என்பதால் ஒளிநச்சு நீக்கியதையே வாங்குங்கள்.

ஒவ்வொன்றையும் ஊற்றியதும் தராசு காட்டிய உண்மையான எடையை எழுதுங்கள். 1.20க்குப் பதில் 1.24 விழுந்தால் 1.24 என்றே எழுதுங்கள். மூடிக் குலுக்கி, ஒரு பட்டையில் தொட்டு வைத்துவிட்டு எழுந்து போங்கள். இந்த நேரத்தில் மூக்கு களைத்திருக்கும், அது சொல்வதை நம்பித் திருத்தக் கூடாது.

ஆறாம் படி: ஊறட்டும்

அடர்கலவையை இருட்டான, குளிர்ந்த இடத்தில் ஒன்று அல்லது இரண்டு வாரம் வையுங்கள். பிறகு 10 கிராம் கலவையில் 90 கிராம் எத்தனால் அல்லது எண்ணெய் சேர்த்து இன்னும் மூன்று, நான்கு வாரம். முதல் நாள் தனித்தனியாகக் கத்திக்கொண்டிருந்த லாவெண்டரும் ஃபிரும் இதற்குள் ஒன்றோடொன்று இழைந்திருக்கும். எத்தனால் கலவை கலங்கலாகத் தெரிந்தால் ஒரு நாள் குளிர்பெட்டியில் வைத்துக் காகித வடிகட்டியில் வடியுங்கள். எத்தனாலும் எண்ணெய்களும் தீப்பிடிக்கும், அடுப்பங்கரையில் வேலை செய்யாதீர்கள்.

திருத்தும்போது ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள். புல் போதவில்லை என்றால் கூமரின் கரைசலை 1.50 ஆக்குங்கள். காடு பூவை மூடினால் ஃபிரை 0.60க்குக் குறையுங்கள். சவரக் கடை வாசம் அடித்தால் லாவெண்டர்தான் காரணம், 1.40க்குக் கொண்டுவாருங்கள். ஃபூஷேர் குடும்பம் நூறாண்டுக்கு மேல் சவர சோப்புகளில் வாழ்ந்ததால் அந்த நினைவு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இதையே ருசால்காவாக மாற்றலாம். கூமரினைப் பாதியாக்கி, மரிக்கொழுந்துக் கரைசலை 0.90 ஆக்கி, பச்சை இலை மணத்துக்கு சிஸ்-3-ஹெக்செனால் 10% கரைசல் 0.10, நீர்மணத்துக்கு காலோன் 1% கரைசல் 0.10 சேருங்கள். காலோன் கொஞ்சம் கூடினாலும் ஆறு போய்க் கடற்கரை மீன் சந்தை வந்துவிடும். பான்னிக் வேண்டுமா? பிர்ச் தார் கரைசலை 0.30 ஆக்கி, தேன்மெழுகுச் சாரம் கொஞ்சம், ரொட்டி மணத்துக்கு அசிடைல் பைரசின் 0.1% கரைசலில் ஒரு துளி.

தோலில் போடும் முன்

முதலில் முழங்கையின் உட்புறத்தில் ஒரு துளி, ஒரு நாள் காத்திருங்கள். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் வீட்டில் கலந்ததைத் தராதீர்கள். லாவெண்டர் எண்ணெய், கொத்தமல்லி எண்ணெயில் உள்ள லினலூல், கூமரின் எல்லாமே ஒவ்வாமை தரக்கூடியவை பட்டியலில் இருப்பதால், யாருக்காவது கொடுத்தால் பொருட்களின் பெயரும் கலந்த தேதியும் லேபிளில் இருக்கட்டும். விற்க நினைத்தால் அந்தந்த நாட்டின் அழகுசாதனச் சட்டமும் பாதுகாப்பு மதிப்பீடும் வேறு வேலை. அதற்கு இந்தக் கட்டுரை போதாது. ரஷ்யாவில் நீங்களே செடி சேகரிக்கப் போனால், அந்தப் பகுதியின் சிவப்புப் புத்தகத்தில் உள்ள பாதுகாக்கப்பட்ட செடிகளை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த அளவுக்குக் கை பழகியபின் லேஷியை முயலுங்கள். காட்டின் காவலன், வழிப்போக்கர்களைச் சுற்றிச் சுற்றி அலைய விடுபவன். தன் செருப்பைக் கால் மாற்றிப் போட்டிருப்பான் என்பார்கள். அவனிடமிருந்து தப்ப, வழி தவறியவர் சட்டையை உள்வெளியாகத் திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும். திரவியத்தையும் அப்படித் திருப்பிப் பாருங்கள்: வழக்கமாக அடியில் வரும் மண் முதலிலும், வழக்கமாக முதலில் வரும் வெளிச்சம் கடைசியிலும். பொருட்கள் ஆவியாகும் வேகத்தை நம்மால் மாற்ற முடியாது. ஆனால் சீக்கிரம் பறக்கக்கூடிய மண் மணம் ஒன்று உண்டு, காளான் வாசனை தரும் ஆக்டெனால். அது முன்னால் வரட்டும். கடைசிவரை நின்று வெளிச்சம் தர ஹெடியோனைத் தாராளமாகப் போடுங்கள், 10 கிராமில் 3 கிராம் வரை. ஆக்டெனாலை மட்டும் 1% கரைசலாக்கி 0.05 கிராமில் தொடங்குங்கள்.